ஒன்றரை முழம் குறைந்த வயர்

வீட்டில் எல்லோரும் அவளை எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் வைத்த பெயர். எதையும் தூக்கி எறியாமல் சேர்த்து வைப்பதால் வந்தது. மை தீர்ந்த பேனா, ஒற்றைப் பொத்தான், பிஸ்கட் பாக்கெட்டின் பளபளப்பான உள்தாள் எல்லாம் அவளுடைய தகர டப்பாவில் இருக்கும்.

"இவ டப்பாவ வெச்சே ஒரு கடை போடலாம்," என்பார் அப்பா. அவர் பஸ் ஓட்டுநர். வீட்டுக்குள் நுழையும்போதுகூட ஹாரன் அடிப்பதுபோல் இரண்டு முறை இருமிவிட்டுத்தான் நுழைவார்.

எட்டு மாதங்களுக்கு முன்னால், அந்த டப்பாவில் இருக்கும் எல்லாவற்றையும்விடப் பெரிய பொருள் ஒன்றைப் பாதுகாக்கும் பொறுப்பு எறும்புக்கு வந்தது. வீடியோ கேம் ஆடும் அண்ணனுடைய கறுப்புக் கன்ட்ரோலர்.

அண்ணனுக்குச் சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் வேலை கிடைத்திருந்தது. கிளம்பும் நாள் காலைவரை இருவரும் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களிடம் இரண்டு கன்ட்ரோலர்கள். இரண்டும் வயர் வைத்தவை. கறுப்பின் வயர் நீளமானது. அதனால் அண்ணன் கட்டிலில் தலையணை போட்டுச் சாய்ந்து உட்காருவான். சிவப்பின் வயர் குட்டை. அதனால் எறும்பு டீவியை ஒட்டித் தரையில் உட்காருவாள்.

"ராஜா எப்பவும் மேலதான் உட்காருவார்," என்பான் அண்ணன்.

"ராஜா தோத்துட்டா கீழ இறங்குவாரா?" என்பாள் எறும்பு.

"இது தோக்கற ஆட்டம் இல்லையே!"

அது உண்மைதான். இரண்டு குட்டி ரோபோக்கள் சேர்ந்து ஒரு பழைய நகரத்தைக் கடக்க வேண்டிய ஆட்டம் அது. வழியெல்லாம் கதவுகள். ஒரு ரோபோ கல்லை மிதித்துக்கொண்டு நின்றால்தான் மற்ற ரோபோவுக்குக் கதவு திறக்கும். தனியாக ஒருவரால் ஒரு கதவைக்கூடத் தாண்ட முடியாது.

முப்பத்தோராவது கதவுக்கு முன்னால் நின்றபோது, வாசலில் வண்டி வந்துவிட்டது. அண்ணன் எழுந்து கறுப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

"பத்திரமா வெச்சுக்கோ எறும்பு. நான் வந்ததும் முதல் வேலை இந்தக் கதவுதான்."

வண்டி போன பிறகு எறும்பு திரும்பி வந்து பார்த்தாள். டீவியில் ஒரே ஒரு வரி இருந்தது.

'இரண்டாவது ஆட்டக்காரருக்காகக் காத்திருக்கிறது.'

அவள் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டீவியை அணைத்தாள்.

அன்றிலிருந்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. பள்ளி விட்டு வந்ததும் அலமாரியைத் திறப்பாள். கறுப்பை எடுப்பாள். அதன் இடப்பக்கக் குமிழில் ஒரு சிறிய தேய்மானம் இருந்தது. அண்ணனின் கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம். அங்கே தன் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பாள். முதல் மாதம் அந்தப் பள்ளம் அவள் விரலுக்குப் பெரிதாக இருந்தது. இப்போது அந்த இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கறுப்பை அவள் டீவிக்குக் கீழே இருக்கும் ஆட்டப் பெட்டியில் செருகியதே இல்லை. வயரை மட்டும் கழற்றுவாள். பிரிக்கக்கூட மாட்டாள், வளையல் கழற்றுவதுபோல் மொத்தமாக ஒரே இழுப்பில் உருவுவாள். பிறகு மறுபடி சுற்றுவாள். கன்ட்ரோலரின் உடம்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, பத்துச் சுற்று. பத்தாவது சுற்று முடியும்போது வயரின் முனை சரியாக அடிப்பக்கப் பள்ளத்தில் வந்து உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் இன்னும் இறுக்குவாள். அதன்மேல் ஒரு ரப்பர் பேண்டு.

இறுகக் கட்டியிருந்தால்தான் பத்திரம். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

"அது என்ன, கன்ட்ரோலரா, மம்மியா?" என்று ஒருநாள் அம்மா கேட்டாள்.

"அண்ணன் வரப்போ புதுசு மாதிரி இருக்கணும்மா."

அம்மா அவள் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள்.

ஒரு புதன்கிழமை மாலை அண்ணன் பேசினான். கப்பலிலிருந்து பேசினால் குரல் வந்து சேர நேரமாகும். ஒருவர் கேட்ட கேள்விக்கு வரும் பதில், இன்னொருவர் கேள்விக்குப் போய் ஒட்டிக்கொள்ளும்.

"சாப்பிட்டியாப்பா? என்ன சாப்பிட்டே?" என்று அம்மா கேட்டாள்.

பதில் வருவதற்குள் எறும்பு புகுந்துவிட்டாள். "அண்ணா, எப்ப வர்றே?"

"ரெண்டு முட்டை!" என்றான் அண்ணன்.

"ரெண்டு முட்டையோட வர்றியா?"

"சனிக்கிழமை மதியம்!"

"சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டானா?" என்றார் அப்பா. "இன்னிக்குப் புதன்தானே ஆகுது!"

எல்லோரும் சிரித்து முடித்ததும் அண்ணன் நிதானமாகச் சொன்னான். கப்பல் பக்கத்துத் துறைமுகத்துக்கு வருகிறது. சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்ப வேண்டும்.

முழுதாக ஒரு நாள்கூட இல்லை. எறும்பு விரல்விட்டு மணிநேரங்களை எண்ணினாள். தூங்கும் நேரத்தைக் கழித்தால் இன்னும் குறைந்தது. கழிக்காமல் விட்டுவிட்டாள்.

"எறும்பு, கறுப்பு பத்திரமா இருக்கா?"

"ரொம்பப் பத்திரமா இருக்கு அண்ணா!"

"அப்ப கதவு முப்பத்தொண்ணு. மறந்துடாத."

போனை வைத்ததும் அவள் அலமாரிக்கு ஓடினாள். எதற்கும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ரப்பர் பேண்டைக் கழற்றப் போனாள். அது வரவில்லை. பிசின்போல் உருகி வயரோடு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தாள். அந்த இடத்தில் வயர் ஒடுங்கி, ஒரு கோடு விழுந்திருந்தது.

வயரை உருவி, முனையை ஆட்டப் பெட்டியில் செருகினாள். கறுப்பின் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு உண்டு. செருகியதும் எரிய வேண்டும்.

எரியவில்லை.

எடுத்து ஊதிவிட்டு மறுபடி செருகினாள். எரியவில்லை. திரையில் அதே வரி நின்றது. 'இரண்டாவது ஆட்டக்காரருக்காகக் காத்திருக்கிறது.'

எறும்பு முனையைக் கழற்றி, மூன்றாவது முறையும் செருகினாள்.

"என்னாச்சு?" என்று அப்பா வந்து எட்டிப் பார்த்தார். வாங்கிப் பார்த்துவிட்டு, "பழசாயிடுச்சு போல. விடு, புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்," என்றார்.

"புதுசுல அண்ணன் விரல் இருக்காதுப்பா."

அப்பாவுக்குப் புரியவில்லை. எறும்பு குமிழைக் காட்டினாள். அவர் தன் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு இரண்டு முறை இருமிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் எறும்பு இரண்டு கன்ட்ரோலர்களையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

சிவப்பு அவளுடையது. அதை அவள் பார்த்துக்கொண்டதே இல்லை. கட்டிலுக்கடியில் வயர் தளர்ந்து குவியலாகக் கிடக்கும். தூசி, ஒரு எறும்புக் கூட்டம் (நிஜ எறும்புகள்), ஒரு பழைய சாக்ஸ் எல்லாம் அதன்மேல் இருந்தன. ஆனால் செருகியதும் விளக்கு எரிந்தது. வயரில் ஒரு கீறல்கூட இல்லை.

கறுப்பின் வயர், பிடித்து நேராக்கினாலும் நேராகவில்லை. சுருள்சுருளாக எழும்பியது. இரண்டு இடங்களில் தனக்குத் தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளப் பார்த்தது. கன்ட்ரோலரிலிருந்து வயர் வெளியே வரும் கழுத்தில், ரப்பர் வெளுத்து வெடித்திருந்தது.

தூக்கிப் போட்டது நன்றாக இருக்கிறது. பொத்திப் பொத்தி வைத்தது கெட்டுவிட்டது.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் கெடுத்தது என்று தெரிய வெகுநேரம் ஆகவில்லை. இந்த வீட்டில் கறுப்பைத் தொட்டது ஒரே ஒருத்திதான்.

சிவப்பை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, தனக்கு விளையாடப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாமா? அந்த யோசனை வந்த வேகத்திலேயே போய்விட்டது. அந்த ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும்.

முதலில் இந்த முறுக்கை எடுக்கலாம் என்று நினைத்தாள். மாடிப்படிக்குப் போனாள். கன்ட்ரோலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வயரைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டாள்.

வயரின் முனை சுற்ற ஆரம்பித்தது. மெதுவாக, பிறகு வேகமாக, பம்பரம்போல் தானாகவே சுற்றியது. யாரும் தொடவில்லை. எறும்பு எண்ணினாள். இருபத்தாறு, இருபத்தேழு... முப்பதைத் தாண்டிய பிறகுதான் நின்றது.

"என்னம்மா, மீன் பிடிக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே மேல்வீட்டுத் தபால்காரர் படியேறினார்.

"முறுக்கு எடுக்கிறேன் மாமா."

"ஏதாவது மாட்டினா சொல்லு," என்றபடி அவர் மேலே போனார்.

எறும்பு யோசித்தாள். அவள் வயரை முறுக்கவே இல்லையே. சுற்றத்தானே செய்தாள்? அப்படியானால் இந்த முறுக்கு எங்கிருந்து வந்தது?

வயர் உருண்டை. அதில் முறுக்கு கண்ணுக்குத் தெரியாது. தட்டையாக ஏதாவது வேண்டும். அவள் கை தானாகவே தலைக்குப் போனது. பள்ளிக்குக் கட்டியிருந்த ரிப்பன். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல்.

ரிப்பனை அவிழ்த்து நான்கு விரல்களைச் சுற்றி எட்டுச் சுற்று சுற்றினாள். மொத்தமாக உருவினாள். இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்தாள்.

பளபளப்பு, மங்கல், பளபளப்பு, மங்கல் என்று ரிப்பன் முழுக்க முறுக்கு. எண்ணிப் பார்த்தாள். சரியாக எட்டு.

"ஓ!" என்றாள் சத்தமாக.

ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு. தினமும் பத்து. வயர் பாவம், அது என்ன செய்யும்?

ஒரு சுற்று வலப்பக்கம் முறுக்குகிறது என்றால், அடுத்த சுற்றை இடப்பக்கம் முறுக்கினால்? ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்த மாதிரி. இந்த முறை அவள் விரலைச் சுற்றவில்லை. ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தளர்வான வளையமாக ஒன்று போட்டாள். அடுத்த வளையத்துக்கு மணிக்கட்டை உள்பக்கமாகத் திருப்பி, ரிப்பனைப் புரட்டிப் போட்டாள். மறுபடி நேராக ஒன்று. மறுபடி புரட்டி ஒன்று. எட்டு வளையம் ஆனதும் முனைகளைப் பிடித்து இழுத்தாள்.

ரிப்பன் நேராக வந்தது. ஒரு பக்கம் முழுக்கப் பளபளப்பு.

எறும்பு படியில் உட்கார்ந்து அதை ஐந்து முறை செய்து பார்த்தாள். ஐந்து முறையும் அப்படியே வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மடியில் கறுப்பு விளக்கு எரியாமல் கிடந்தது.

தெருமுனையில் போன், ரேடியோ பழுது பார்க்கும் கடை ஒன்று உண்டு. அங்கே இருக்கும் அக்காவின் வலது கண்ணில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி மாட்டியிருக்கும். அதனால் பிள்ளைகளுக்கு அவள் பூதக்கண்ணாடி அக்கா. அந்தக் கண்ணோடு நிமிர்ந்து பார்த்தால், ஒரு கண் மட்டும் யானைக்கண்ணைவிடப் பெரிதாகத் தெரியும்.

வியாழன் மாலையே எறும்பு அங்கே போய் நின்றாள்.

"இன்னிக்கு முடியாதும்மா," என்றாள் அக்கா நிமிராமலே. "வயருக்குள்ள எந்த எடத்துல அறுந்திருக்குன்னு தேடவே ஒரு மணி நேரம் ஆகும். பாரு, எவ்ளோ வேலை குவிஞ்சு கெடக்கு."

"எந்த எடம்னு நான் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்தா?"

பெரிய கண் நிமிர்ந்தது. "கண்டுபிடிச்சிடுவியா?"

"முயற்சி பண்றேன்க்கா."

"அப்ப நாளைக்குக் கொண்டு வா. பாக்கலாம்."

எறும்பு வீட்டுக்கு வந்து கறுப்பைச் செருகினாள். கழுத்துப் பக்கம் வயரை மெதுவாக மேலே வளைத்தாள். கீழே வளைத்தாள். இடப்பக்கம் கொஞ்சம் வளைத்தபோது பச்சை விளக்கு ஒரே ஒரு நொடி மினுக்கியது.

வளைத்த நிலையிலேயே வயரை ஒரு அடிக்கோலோடு வைத்து, துணி கிளிப் போட்டுப் பிடித்தாள். விளக்கு எரிந்தது. இனி மீதி வயரைச் சோதிக்கலாம். கழுத்திலிருந்து ஆரம்பித்து, விரல் விரலாக வளைத்துக்கொண்டே போனாள். ஒரு முழம் தாண்டியது. எரிந்தது. இன்னும் கொஞ்சம் போனாள். ரப்பர் பேண்டு கோடு விழுந்த இடம். தொட்டதும் விளக்கு அணைந்தது.

அங்கே ஒரு கிளிப் போட்டாள். முனைவரை சோதித்தாள். வேறு எங்கும் அணையவில்லை. இரண்டே இடம்.

"துணியெல்லாம் கொடியிலேர்ந்து பறக்குது! என் கிளிப்ப யாரு எடுத்தது?" என்று வெளியே அம்மாவின் குரல் கேட்டது.

"மருத்துவ உதவிக்கும்மா!" என்று கத்தினாள் எறும்பு.

வெள்ளிக்கிழமை, கிளிப்புகளோடு கறுப்பைப் பார்த்த பூதக்கண்ணாடி அக்கா சிரித்துவிட்டாள். "எனக்கு வேலையே மிச்சம் வெக்கல போல!"

அக்கா திருகாணிகளைக் கழற்றிக் கன்ட்ரோலரைத் திறந்தாள். வயரின் கழுத்தை வெட்டி, தோலை உரித்துக் காட்டினாள். உள்ளே நான்கு நிறத்தில் நான்கு குட்டி வயர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் முடியைவிட மெல்லிய செம்புக் கம்பிகள். நிறையக் கம்பிகள் அறுந்து துருத்திக்கொண்டு நின்றன.

"யாரு இவ்ளோ இறுக்கிச் சுத்தினது?"

"நான்தான்."

"ஏன்?"

"தொலைஞ்சுடக் கூடாதுன்னு."

பெரிய கண்ணும் சின்னக் கண்ணும் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தன. பிறகு அக்கா வயரை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள்.

"கெட்டுப்போன ரெண்டு எடத்தையும் சேர்த்து வெட்டிட்டு, நல்ல வயர உள்ள பத்த வெச்சிடறேன். ஆனா ஒன்றரை முழம் கொறஞ்சிடும். பரவாயில்லயா?"

ஒன்றரை முழம் குறைந்தால் கட்டில்வரை எட்டாது. எறும்பு கண்ணை மூடி, அறையை நினைத்துப் பார்த்தாள். டீவி. தரை. கட்டில். ராஜாவின் தலையணை. எட்டவே எட்டாது.

"பரவாயில்லக்கா," என்றாள்.

அக்கா ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும்போது எறும்பு சும்மா நிற்கவில்லை. கடை ஓரத்தில் ஒரு பெரிய டப்பா நிறைய சார்ஜர் வயர்கள் பின்னிக்கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நேராக ஒரு வளையம், புரட்டி ஒரு வளையம். தளர்வாக, உள்ளங்கை அகலத்துக்கு. மூன்று, நான்கு, பத்து என்று வரிசையாக அடுக்கினாள்.

அக்கா வேலையை முடித்துவிட்டு ஒன்றை எடுத்து வீசி இழுத்தாள். சிக்காமல், முறுக்கில்லாமல் வயர் நேராக ஓடியது.

"அட! இந்த டப்பாவத் தொறக்க நானே பயப்படுவேன்," என்றாள் அக்கா. "இத எங்க கத்துக்கிட்டே?"

"ரிப்பன்கிட்ட," என்றாள் எறும்பு.

கறுப்பின் நெற்றியில் பச்சை விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது.

சனிக்கிழமை மதியம் அண்ணன் வந்தான். மெலிந்திருந்தான். தாடி வைத்திருந்தான். எண்ணெய் வாசனையும் உப்பு வாசனையும் அடித்தது. எறும்பு கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள்.

"யாரும்மா இந்தப் பொண்ணு?" என்றான் அண்ணன். "நம்ம வீட்ல ஒரு எறும்புதானே இருந்துச்சு? இது கட்டெறும்பு சைஸ்ல இருக்கே!"

அவ்வளவுதான். எறும்பு ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே அறைக்கு வந்தான். கட்டிலில் ஏறி, தலையணையில் சாய்ந்து, கையை நீட்டினான்.

"ராஜா ரெடி. கொண்டா கறுப்ப."

வயரை வளையமாக்கி ரிப்பன் கட்டியிருந்த கறுப்பை எறும்பு அவனிடம் நீட்டினாள். அவன் குமிழில் கட்டைவிரலை வைத்தான். சரியாகப் பொருந்தியது. ரிப்பனை அவிழ்த்து முனையை அவளிடம் கொடுத்தான். அவள் அதைப் பெட்டியில் செருகினாள். வயர் விறைத்து நின்றது. கன்ட்ரோலர் அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

அண்ணன் இழுத்தான். வரவில்லை.

"என்ன எறும்பு, வயர் சுருங்கிடுச்சு? துவைச்சுட்டியா?"

எறும்பு இரவு தூங்கும் முன் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை.

"நான்தான் கெடுத்துட்டேன்," என்றாள். "இறுக்கி இறுக்கிச் சுத்தினேன். உள்ள அறுந்துபோச்சு. வெட்டித்தான் சரி பண்ண முடிஞ்சுது. நீ பத்திரமா வெச்சுக்கச் சொன்னே. நான்..."

"இரு, இரு. ஒரு தடவ சுத்தினா அறுந்துடுமா என்ன?"

"ஒரு தடவ இல்ல."

"பின்ன?"

"தினமும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எடுத்துப் பாப்பேன். அப்புறம் சுத்தி வெப்பேன்."

"தினமுமா?"

"ஜுரம் வந்தப்ப ரெண்டு நாள் விட்டுட்டேன்," என்றாள் எறும்பு, அதுவும் ஒரு குற்றம்போல.

கப்பலிலிருந்து பதில் வருவதைவிட அதிக நேரம் ஆனது. அவன் வயரைக் கையில் எடுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு தலையணையை எடுத்துத் தரையில் போட்டான்.

"நகரு."

"எங்க?"

"ராஜா கீழ வரார். எடம் விடு."

எறும்பு நகர்ந்தாள். ரொம்ப நகர முடியவில்லை. சிவப்பின் வயர் விடவில்லை. அண்ணனாலும் தள்ளி உட்கார முடியவில்லை. கறுப்பின் வயர் விடவில்லை. இரண்டு பேரும் முட்டி இடிக்க, தோள் இடிக்க உட்கார்ந்தார்கள்.

"எட்டு வருஷமா நீ இவ்ளோ கிட்ட உட்கார்ந்தா பாத்தே? கண்ணு கெட்டுடாது?" என்றான் அண்ணன்.

"எனக்குப் பத்து வயசுதான் ஆகுது. எட்டு வருஷம்லாம் ஆடல."

"வாய் மட்டும் வளர்ந்திருக்கு."

திரையில் அந்த வரி இருந்தது. 'இரண்டாவது ஆட்டக்காரருக்காகக் காத்திருக்கிறது.' அண்ணன் பொத்தானை அழுத்தினான். எட்டு மாதமாக நின்ற வரி சட்டென்று மறைந்தது.

அவன் ரோபோ ஓடிப்போய்க் கல்லை மிதித்து நின்றது. முப்பத்தோராவது கதவு கரகரவென்று திறந்தது. எறும்பின் ரோபோ உள்ளே போய், மறுபக்கக் கல்லை மிதித்துக்கொண்டு நின்றது.

"வா அண்ணா."

"வர்றேன்."

சாயங்காலத்துக்குள் இன்னும் ஒன்பது கதவுகளைத் தாண்டினார்கள். நடுவில் அப்பா வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "இப்ப யாரு ராஜா?" என்றார். அம்மா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பதாவது கதவில் அப்பாவே ஹாரன் அடித்து வழிகேட்டார்.

நாற்பத்தோராவது கதவு முன்னால் வந்ததும் அண்ணன் கன்ட்ரோலரை மடியில் வைத்தான்.

"இத இங்கயே விட்டுடலாமா?"

எறும்பு அந்தக் கதவைப் பார்த்தாள். இன்னும் அரைமணி நேரம் ஆடினால் போதும். திறந்துவிடலாம். ஆனாலும் தலையாட்டினாள்.

"சரி. அடுத்த தடவைக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை, பை கட்டியாகிவிட்டது. வண்டி வர ஐந்து நிமிடம் இருந்தது. எறும்பு பல் துலக்கிவிட்டு வந்தபோது, அண்ணன் கறுப்பின் வயரை உள்ளங்கையில் விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஐயோ! விடு விடு விடு!"

"என்னடி, எஞ்சினையே பிரிச்சு மாட்டறவன் நான்!"

"எஞ்சின் வேற. இப்பிடிப் பிடி. ஒண்ணு நேரா. அடுத்தது கைய உள்ள திருப்பிப் புரட்டிப் போடு. இறுக்காத. கழுத்துகிட்ட வளைக்கவே வளைக்காத, அது பாட்டுக்குத் தொங்கட்டும்."

அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டு செய்தான். மூன்றாவது வளையத்தில் தப்பு. எறும்பு பிரித்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னாள். வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. அவன் முடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

அன்று மாலை, வழக்கமான நேரத்துக்கு எறும்பு அலமாரியைத் திறந்தாள். அண்ணன் போட்ட வளையங்கள் கொஞ்சம் பெரியதும் சின்னதுமாக இருந்தன. மேலே அவளுடைய ரிப்பன். உள்ளே ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். தாராளமாக நுழைந்தது.

கை அவிழ்க்கப் போனது. பிறகு நின்றது.

குமிழில் மட்டும் ஒருமுறை கட்டைவிரலை வைத்துவிட்டு, கறுப்பை அப்படியே விட்டுவிட்டாள்.

அறையில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் நாற்பத்தோராவது கதவும், அதன்கீழ் அந்த வரியும்.

"அதான் வருவான்ல, கொஞ்சம் இரு," என்று அதனிடம் சொல்லிவிட்டு, அம்மாவின் துணி கிளிப்புகளைத் திருப்பி மாட்ட எறும்பு கொடிக்கு ஓடினாள்.